தேனீப் பெட்டி இருக்கும் தோட்டத்துக்குப் பழமரம்: குறைந்த செலவில் வாங்குவதும் நடுவதும்

தேனீ வளர்க்கத் தொடங்கியவர்கள் பலர் நேராக நர்சரிக்குப் போய், கண்ணில் பட்ட பழக்கன்றுகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து எல்லாம் ஒரே மாதத்தில் பூக்கும். அந்த மாதத்தில் ஊரெங்கும் பூ இருக்கும், தேனீக்கு உங்கள் மரம் தேவைப்படாது. பூவே இல்லாத மாதத்தில் தோட்டம் வெறும் பச்சையாக நிற்கும். அதனால் கன்று வாங்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை, பெட்டி வாசலில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியத் தேனீ இரை தேடிப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் பறக்கும். இத்தாலியத் தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வரும். கொசுத் தேனீ சில நூறு மீட்டரோடு நின்றுவிடும். பெட்டியிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் என்றாலே 300 ஹெக்டேருக்கு மேல் நிலம். அதற்கு நடுவில் உங்கள் பத்து மரம் தேன் மகசூலைப் பெருக்கிவிடாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எதுவும் பூக்காத ஆறு வாரத்தில் ஒரு தேனீக் குடும்பம் கலையாமல் தாக்குப்பிடிக்க அந்தப் பத்து மரம் பெரிய உதவி. எந்த மரம் வாங்குவது என்ற முடிவு இந்த ஆறு வாரத்தை வைத்துத்தான்.

பஞ்ச காலத்தைக் கண்டுபிடிப்பது

ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு முறை, காலை எட்டு மணியை ஒட்டி, பெட்டி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பின்காலில் மகரந்த உருண்டையோடு எத்தனை தேனீ வருகிறது, உருண்டை என்ன நிறம், நடந்து போகும் தூரத்தில் என்ன பூத்திருக்கிறது என்பதைக் குறித்துவையுங்கள். முடிந்தால் பெட்டியின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிக் கனத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சம் வந்துவிட்டதற்கு அடையாளங்கள் தெளிவானவை. மகரந்த வரவு நின்றுவிடும். ராணி முட்டையிடுவது குறைந்து புழு அடை சுருங்கும். ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் வாசலுக்கு வெளியே தள்ளும். பக்கத்துப் பெட்டியில் தேன் திருடும் சண்டை தொடங்கும். இந்தியத் தேனீயாக இருந்தால் ஒரு நாள் பெட்டியையே காலி செய்துவிட்டுப் போய்விடும். இவை எந்த மாதத்தில் நடக்கின்றனவோ அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் வட்டமிடுங்கள். நீங்கள் வாங்கும் மரம் அப்போது பூக்க வேண்டும். ஓராண்டு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், அருகில் பல ஆண்டாகப் பெட்டி வைத்திருப்பவரிடம் எந்த மாதம் சர்க்கரைப் பாகு கொடுக்கிறார் என்று கேட்டாலே போதும்.

எந்தப் பழமரம் தேனீக்கு உதவும், எது உதவாது

பழமரம் என்றாலே தேனீக்கு நல்லது என்ற எண்ணம் தவறு. சீத்தாவில் மகரந்தம் சேர்ப்பவை சிறு வண்டுகள். பப்பாளியை நாடுவது பெரும்பாலும் இரவில் வரும் விட்டில்கள். அத்திக்கு அதற்கென்றே உள்ள குளவி. மாம்பூவில் ஈக்களின் வேலைதான் அதிகம், தேனீ வரும், ஆனால் வேறு பூ கிடைத்தால் விட்டுவிட்டுப் போகும். இந்த மரங்களைப் பழத்துக்காக வையுங்கள், பெட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மகரந்தத்துக்குக் கொய்யாவும் மாதுளையும். கொய்யாவில் பூந்தேன் மிகக் குறைவு. ஆனால் பூ விரிந்த காலையில் தேனீக்கள் மகரந்தத்தை வாரிக்கொண்டு போகும். மகரந்தம் வந்தால்தான் புழு வளர்ப்பு நடக்கும் என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சர்க்கரைப் பாகு கொடுத்துப் பூந்தேன் குறையை ஈடுகட்டிவிடலாம், மகரந்தக் குறையை ஈடுகட்டுவது கடினம்.

பூந்தேனும் மகரந்தமும் சேர்ந்து வேண்டுமானால் எலுமிச்சை வகைகள், நாவல், இலந்தை, ஜம்பு, முருங்கை. முருங்கையைப் பழமரப் பட்டியலில் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் தேனீத் தோட்டத்தில் இதைவிட மலிவாக, இதைவிட விரைவாக, இதைவிட அதிக நாள் பூக்கும் மரம் கிடைப்பது அரிது. விதைத்த செடிமுருங்கை ஆறு மாதத்துக்குள் பூத்துவிடும். எதை வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் இதை நட்டுவிட்டு மற்றதை யோசிக்கலாம். தேன்பழம் எனப்படும் சிங்கப்பூர் செர்ரியும் அப்படித்தான். இரண்டு ஆண்டுக்குள் பூக்கும், அதன்பின் வெப்பமான இடத்தில் ஆண்டின் பெரும்பகுதி பூ இருக்கும். வாழைப்பூ மடல் விரியும்போது தரும் பூந்தேனையும் மறந்துவிடாதீர்கள். நாலைந்து வாழையை இரண்டு மாத இடைவெளி விட்டு நட்டால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு குலையில் பூ இருக்கும்.

நெல்லிக்கும் இலந்தைக்கும் வறட்சி தாங்கும் குணம் உண்டு. தண்ணீர் குறைவான இடத்துக்கு ஏற்றவை. நெல்லி வாங்கினால் இரண்டு வெவ்வேறு ரகமாக வாங்குங்கள், தன் மகரந்தத்தால் அது சரியாகக் காய்க்காது. நாவல் பூக்கும் காலம் குறுகியது, ஆனால் அந்தச் சில வாரத்தில் கொட்டும். மரம் பெரிதாகும் என்பதால் எட்டுப் பத்து மீட்டர் இடம் இருந்தால் மட்டும் நடுங்கள்.

குளிர் மிகுந்த பகுதியில் இருப்பவர்களுக்கு ஆப்பிள், பிளம்ஸ், பீச், பேரி. ஆப்பிளும் பிளம்ஸில் பல ரகமும் தனி மரமாகக் காய்க்காது, ஒரே சமயத்தில் பூக்கும் இரண்டாவது ரகம் வேண்டும். பேரிப் பூவின் பூந்தேனில் சர்க்கரை குறைவு. பக்கத்தில் வேறு பூ இருந்தால் தேனீ பேரியைத் தொடாது. பேரி காய்க்கவில்லை என்று பெட்டியைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று: ஒவ்வொரு வகையிலும் ஒரு கன்று என்று வாங்குவதைவிட, மூன்று நான்கு வகையை இரண்டு மூன்று கன்றாக அருகருகே நடுவது தேனீக்கு நல்லது. ஒரு பயணத்தில் தேனீ ஒரே வகைப் பூவைத்தான் நாடும். நான்கு பூ மட்டும் உள்ள தனிச் செடியைக் கண்டுபிடித்த தேனீ கூட்டுக்குப் போய் ஆட்டமாடி இடத்தைக் காட்டி மற்றவற்றை அழைத்து வராது.

மலிவு எங்கே இருக்கிறது

கன்றின் விலை அது எப்படி உருவானது என்பதைப் பொறுத்தது. விதைக்கன்று மிக மலிவு, பதியனும் (கிளையை மரத்திலேயே வேர்விடவைத்துப் பிரித்தது) குச்சிக்கன்றும் (வெட்டிய குச்சியை நட்டு வேர்விடவைத்தது) நடுத்தரம், ஒட்டுக்கன்று (ஒரு வேர்ச்செடியின் மேல் வேறு ரகத்தின் தண்டை ஒட்டியது) விலை கூடியது. மலிவானது எல்லாம் தாழ்ந்தது என்றோ, ஒட்டு என்றால் உயர்ந்தது என்றோ முடிவுகட்ட வேண்டாம். மரத்துக்கு மரம் கணக்கு மாறும்.

எலுமிச்சைக்கு விதைக்கன்றே போதும். ஒரு விதையில் இரண்டு மூன்று நாற்று முளைக்கும். அவற்றில் திடமாக வளர்பவை பெரும்பாலும் தாய் மரத்தின் அச்சு. நோஞ்சானாகவோ வித்தியாசமாகவோ தெரியும் நாற்றைக் களைந்துவிடுங்கள். காய்ப்புக்கு நாலைந்து ஆண்டு ஆகும் என்பது மட்டுமே குறை. கொய்யாவை விதையில் வளர்த்தால் பழம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, பதியன் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டிலேயே பூக்கும். மாதுளைக்குக் குச்சிக்கன்று. முருங்கைக்குப் போத்து (நடுவதற்கு வெட்டிய தடித்த கிளை) அல்லது விதை. இந்த இடங்களில் ஒட்டுக்கன்றுக்குப் பணம் கொடுப்பது வீண்.

ஒட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. நாவல் விதைக்கன்று பூக்க எட்டுப் பத்து ஆண்டு எடுக்கும், ஒட்டு ஐந்தாறு ஆண்டில் பூக்கும். நெல்லியும் இலந்தையும் ஒட்டாக இருந்தால்தான் காய் பெரிதாக வரும். ரம்புட்டான் விதைக்கன்றில் பாதிக்குப் பாதி ஆண் மரமாகப் போகக்கூடும். அதிலும் தேனீக்குப் பூ கிடைக்கும், உங்களுக்குத்தான் பழம் இல்லை.

அளவிலும் மிச்சம் பிடிக்கலாம். பெரிய தொட்டியில் ஆளுயரம் நிற்கும் கன்றுக்குப் பல மடங்கு விலை. சிறு பையில் முழங்கால் உயரம் உள்ள கன்றை நட்டால் மூன்று ஆண்டில் அதை எட்டிப்பிடிக்கும், பல சமயம் முந்திவிடும். பெரிய கன்றின் வேர் பையிலேயே சுற்றிச் சுற்றி முதிர்ந்துபோயிருப்பதுதான் காரணம். மழை தொடங்கும் முன் விலை ஏறும். மழைப் பருவம் முடியும் தறுவாயில் விற்காமல் நின்ற கன்றுகளை நர்சரிக்காரர்கள் குறைத்துக் கொடுப்பார்கள். பாசன வசதி இருந்தால் அப்போது வாங்கலாம். ஆனால் அவை ஒரு பருவம் கூடுதலாகப் பையில் இருந்தவை, வேரைச் சோதிக்காமல் எடுக்கக் கூடாது.

கடையில் கன்றைச் சோதிப்பது

முதலில் பையின் அடியைப் பாருங்கள். துளை வழியாகத் தடித்த வேர் வெளியேறித் தரையில் இறங்கியிருந்தால், தூக்கும்போது அது அறுந்துபோயிருக்கும். அந்தக் கன்று ஒரு வாரத்தில் வாடும். பையை இரண்டு கையால் அமுக்கினால் மண் சற்று நெகிழ வேண்டும். கல் மாதிரி இருந்தால் உள்ளே வேர் சுருண்டு நிறைந்துவிட்டது.

ஒட்டுக்கன்றில் ஒட்டுக்கட்டு (இரண்டு தண்டும் சேரும் இடம்) பை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கீழ்த்தண்டும் மேல்தண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் இருக்க வேண்டும். மேல் நுனியை மெல்ல ஆட்டினால் கட்டில் அசைவு இருக்கக் கூடாது. ஒட்டுக்கட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் இலையை மேலுள்ள இலையோடு ஒப்பிடுங்கள். மேலே இருப்பதும் அதே இலை என்றால் ஒட்டு எப்போதோ செத்துவிட்டது, நீங்கள் வாங்கப்போவது வெறும் வேர்ச்செடி. மேல் துளிர் இளஞ்சிவப்பாக மிருதுவாக இருக்கும் கன்றையும் தவிர்க்கலாம். பயணத்தில் காற்று பட்டுக் கருகும். இலை முதிர்ந்து கரும்பச்சையாக நிற்கும் கன்றுதான் ஊர் போய்ச் சேரும்.

பூவும் பிஞ்சுமாக நிற்கும் கன்று எல்லோரையும் இழுக்கும். பதியன் கன்று தாய் மரத்தின் முதிர்ந்த கிளை என்பதால் பையிலேயே பூப்பது இயல்பு, அதில் திறமை ஒன்றும் இல்லை. வேர் கொஞ்சம், சுமை அதிகம். அருகிலேயே பூ இல்லாத தடித்த குட்டைக் கன்று இருந்தால் அதை எடுங்கள். எலுமிச்சையில் இலையில் பழுப்பு நிறச் சொறி, நரம்பின் இரு பக்கமும் ஒழுங்கில்லாமல் மஞ்சள் திட்டு, இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம், அந்த நோய்கள் தோட்டத்தில் மற்ற எலுமிச்சைக்கும் போகும்.

தேனீ வளர்ப்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கன்றுக்கு என்ன மருந்து ஊற்றினீர்கள்? நர்சரிகளில் சாறுறிஞ்சும் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட், தையோமெத்தாக்சம் போன்ற மருந்தைப் பையில் ஊற்றுவது வழக்கம். இவை வேர் வழியாகச் செடி முழுதும் ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். மண்ணிலும் மரச்செடியிலும் பல மாதம் தங்கும். தெளிவான பதில் கிடைக்காத கன்று என்றால், முதல் ஓராண்டு அதில் வரும் மொட்டை எல்லாம் விரியும் முன் கிள்ளிவிடுங்கள்.

நீங்களே உருவாக்கினால்

வாங்குவதைவிட மலிவு, நல்ல தாய் மரம் தெரிந்தவரிடம் ஒரு கிளை கேட்பது.

கொய்யா, ஜம்பு, எலுமிச்சை மூன்றுக்கும் காற்றுப் பதியன் போடலாம். மழைப் பருவம் ஏற்ற காலம். பென்சில் பருமனுள்ள, பட்டை பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து 30-45 செ.மீ. தள்ளி, 2.5 செ.மீ. அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்தெடுங்கள். உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தைக் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். பதியன் பிடிக்காமல் போவதற்கு முதல் காரணம் இதைச் செய்யாததுதான், படலம் மிச்சம் இருந்தால் காயம் ஆறிப் பட்டை மீண்டும் சேர்ந்துவிடும். வெட்டின் மேல் விளிம்பில் வேர் ஊக்கி தடவலாம், தடவாமலும் கொய்யா வேர் விடும். ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீனால் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். மேல்கட்டு தளர்வாக இருந்தால் மழைநீர் இறங்கி அழுகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பாலித்தீன் வழியே வெள்ளை வேர் தெரியும். அது பழுப்பாக மாறத் தொடங்கியதும், கட்டுக்குக் கீழே பாதி வெட்டுங்கள். ஒரு வாரம் கழித்து முழுதும் வெட்டி, பாதி இலையை நீக்கி, பையில் வைத்து நிழலில் ஒரு மாதம் தேற்றுங்கள்.

மாதுளைக்கு முதிர்ந்த குச்சி, 20-25 செ.மீ. நீளம். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். தலைகீழாக வைத்துவிட்டால் வராது. அதனால் அடிப்பக்கம் சாய்வெட்டு, மேல்பக்கம் நேர்வெட்டு என்று பழகிக்கொள்ளுங்கள். முருங்கைப் போத்து ஒரு மீட்டர் நீளம், மணிக்கட்டுப் பருமன். வெட்டி இரண்டு நாள் நிழலில் வைத்து, மேல்வெட்டில் சாணம் அப்பி, மூன்றில் ஒரு பங்கு புதைத்து நடுங்கள். தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகும், முருங்கை சாவதற்கு வறட்சியைவிட ஈரமே காரணம்.

எலுமிச்சை விதை உலரக் கூடாது. பழத்திலிருந்து எடுத்து, வழவழப்பைக் கழுவி, அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள்.

பெட்டியும் மரமும் எங்கே

காகிதத்தில் பெட்டிகளின் இடத்தை முதலில் வரையுங்கள், மரத்தைப் பிறகு. பெட்டி வாசலுக்கு முன்னால் மூன்று நான்கு மீட்டர் திறந்த வெளி வேண்டும். அந்தப் பறக்கும் வழியில் மரம் வைத்தால், ஐந்து ஆண்டில் காய் பறிக்கும் நீங்கள் தினமும் தேனீயின் பாதையில் நிற்பீர்கள். வாசலைக் கிழக்கு நோக்கி வைத்து, மரங்களை மேற்கிலும் தென்மேற்கிலும் நடுவது வசதி. காலை வெயிலில் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும், பிற்பகல் வெயிலை மரம் மறைக்கும். கன்று வளரும் வரை நிழலுக்கு வாழை அல்லது முருங்கை போதும்.

அடர்ந்த நிழலுக்குள் பெட்டியை வைத்தால் ஈரம் தங்கும், குடும்பம் சோம்பும். தென்னையின் கீழ் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மட்டை விழுந்தால் தெரிந்துவிடும். எறும்புக்காகத் தாங்கியின் காலில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். ஒரு கிளையோ உயரமான புல்லோ பெட்டியைத் தொட்டால் அந்தக் கிண்ணத்தால் பயன் இல்லை, எறும்பு அதில் ஏறி வந்துவிடும். பெட்டியிலிருந்து எந்தக் கிளையும் ஒரு மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவிலும் நாவலிலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு பூவுக்கு வரும் தேனீயைப் பிடித்துத் தின்னும். பூக்கும் முன்பே அந்தக் கூடுகளை அறுத்தெடுப்பது நல்லது.

இடைவெளி: முருங்கை 2.5 மீ., மாதுளை 3-4 மீ., எலுமிச்சையும் கொய்யாவும் 5 மீ., நெல்லியும் இலந்தையும் 6-7 மீ. கொய்யாவைக் கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்வதாக இருந்தால் 3 மீட்டரிலும் நடலாம்.

குழி

கொய்யா, எலுமிச்சை, மாதுளைக்கு நீளம் அகலம் ஆழம் மூன்றும் 60 செ.மீ. போதும். நாவலுக்கும் நெல்லிக்கும் 1 மீட்டர் வரை போகலாம். மேல் ஒரு சாண் மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவியுங்கள். குழியை இரண்டு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள்.

ஆறவிடும் நாட்களில் ஒரு சோதனை. குழியில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் வடிகால் மோசம். அந்த இடத்தில் குழிக்குள் நடாமல், 30-45 செ.மீ. உயரம் மண் மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். எலுமிச்சைக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொய்யாவும் நாவலும் ஓரளவு தாங்கும்.

நிரப்பும்போது மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரை முதல் ஒரு கிலோ. மக்காத சாணம் போட்டால் வேர் வெந்துபோகும், அதோடு வெள்ளைப் புழுவும் வரும். இரசாயன உரம் குழிக்குள் வேண்டாம். கரையானுக்கு என்று சொல்லிக் கொடுக்கப்படும் கார்போபியூரான் குருணையும் கட்டாயம் வேண்டாம், அதுவும் செடிக்குள் ஏறும் நஞ்சு. நிரப்பிய மண் தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும், ஒரு மழையில் அமுங்கிவிடும்.

நடும் நாள்

நர்சரி நிழல்வலையில் வளர்ந்த கன்றை வந்த அன்றே வெயிலில் நட்டால் இலை பொசுங்கும். ஒரு வாரம் அரை நிழலில் வைத்து, நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டுங்கள். மாலையில் நடுங்கள். நடும் முன் பையில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் மண் உதிராது.

பையை உருவி இழுக்காதீர்கள், பிளேடால் இரு பக்கமும் கிழித்து விரியுங்கள். மண்கட்டியின் அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அடியிலிருந்து இரண்டு செ.மீ. மண்ணோடு சீவி எறியுங்கள், பக்கங்களில் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல் போடுங்கள். பாவம் என்று விட்டுவைத்தால் அந்த வேர் தடித்துத் தன்னையே நெரிக்கும். ஐந்தாவது ஆண்டில் காற்றடித்தால் மரம் அடியோடு சாயும்.

பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட வேண்டும். ஒட்டுக்கட்டு மண்ணுக்கு மேலே குறைந்தது 10-15 செ.மீ. நிற்க வேண்டும். புதைந்துவிட்டால் மேல்தண்டே வேர் விடும், அல்லது கழுத்து அழுகும். சுற்றிலும் மண்ணை உள்ளங்கையால் அழுத்துங்கள், காலால் மிதிக்க வேண்டாம். உடனே 10 லிட்டர் தண்ணீர். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேர்க்கட்டியைக் குத்தாமல் ஒரு குச்சி ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 8-10 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு, தண்டைத் தொடாமல். ஒட்டுக்கட்டில் பிளாஸ்டிக் நாடா இருந்தால், கட்டு நன்றாகப் பிடித்தபின் கிழித்தெடுங்கள், மறந்தால் தண்டை இறுக்கி அந்த இடத்தில் முறியும்.

குளிர் பகுதியில் இலை உதிர்ந்த காலத்தில் மண் இல்லாமல் வேரோடு விற்கும் கன்றுதான் எல்லாவற்றிலும் மலிவு. அதன் வேர் ஒரு நாள் காற்றில் காய்ந்தாலும் போச்சு. வாங்கியதும் ஈரச் சாக்கில் சுற்றுங்கள், நடும் முன் ஓரிரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள், முறிந்த வேரை வெட்டுங்கள். மொட்டு வெடிக்கும் முன் நட்டுவிட வேண்டும். நட்டதும் தண்டை 75 செ.மீ. உயரத்தில் வெட்டினால் வேரும் மேற்பகுதியும் சமனாகும்.

முதல் ஆண்டு

முதல் மாதம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 10 லிட்டர், அதன்பின் மண்ணைத் தோண்டிப் பார்த்து. விரலளவு ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். இலை வாடியிருக்கிறதே என்று ஈர மண்ணில் மீண்டும் ஊற்றுவதுதான் புதியவர்கள் கன்றை இழக்கும் முக்கிய வழி. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது. மூடாக்கை விலக்கி, பாத்தியைத் திறந்து காற்றாடவிடுங்கள். வட்டப்பாத்தி தண்டருகே மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருக்கட்டும்.

ஒட்டுக்கட்டுக்குக் கீழே வரும் துளிரை மாதம் ஒரு முறை கிள்ளுங்கள். விட்டுவைத்த ஒரே துளிர் ஓராண்டில் மேலுள்ள ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். இலந்தையில் இது மிக வேகம்.

முதல் ஆண்டுப் பூவைக் கிள்ளச் சொல்லும் பொதுவான அறிவுரையைத் தேனீ வளர்ப்பவர் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. கன்றின் சக்தியைக் குடிப்பது பூவைவிடக் காய்தான். மருந்து படாத கன்று என்று உறுதி இருந்தால் பூ விரியட்டும், தேனீ எடுத்துக்கொள்ளட்டும், கோலி அளவுப் பிஞ்சானதும் உதிர்த்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டும் பாதியை உதிர்க்கலாம்.

தண்டைச் சுற்றி 60 செ.மீ. வட்டம் மட்டும் களையில்லாமல் இருந்தால் போதும். மற்ற இடத்தில் தும்பை, துளசி, மூக்குத்திப்பூ இருக்கட்டும். மரம் பூக்க ஆண்டுகள் ஆகும், இவை அதுவரை பெட்டிக்குச் சோறு. வெற்றிடத்தில் எள்ளோ கொத்தமல்லியோ பதினைந்து நாள் இடைவெளியில் கீற்றுக் கீற்றாக விதைத்தால் ஒன்று முடியும்போது அடுத்தது பூக்கும்.

மருந்து அடிக்க வேண்டி வந்தால்

பூத்திருக்கும் மரத்தில் எதுவும் தெளிக்கக் கூடாது, வேப்ப எண்ணெய் உட்பட. வேறு வழியில்லை என்றால் சூரியன் மறைந்து தேனீ கூடு திரும்பியபின். மரம் பூக்காமல் அடியில் தும்பை பூத்திருந்தாலும் அதே விதி. முதலில் அதை அறுத்துவிட்டுத் தெளியுங்கள். எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவைக் கையால் பொறுக்கலாம், மரம் சிறிதாக இருக்கும் வரை அதுவே போதும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கலவை இலை தின்னும் புழுவை மட்டும் கொல்லும், தேனீக்குப் பாதிப்பில்லை. ஆனால் உயிரியல் மருந்து என்று அட்டையில் இருப்பதெல்லாம் அப்படியல்ல. ஸ்பினோசாட் ஈரமாக இருக்கும்போது தேனீயைக் கொல்லும்.

பழுத்து விழுந்ததை இரண்டு நாளுக்கு ஒரு முறை பொறுக்கிப் புதையுங்கள். பழ ஈயும் குளவியும் அதில்தான் பெருகும், குளவி அடுத்ததாகப் பெட்டி வாசலுக்கு வரும். வெடித்த பழத்தில் தேனீ மொய்ப்பதைக் கண்டு அதன் மேல் பழி போட வேண்டாம், முழுத்தோல் உள்ள பழத்தைத் துளைக்க அதன் வாயால் முடியாது. பறவையோ பூச்சியோ திறந்துவைத்ததைத்தான் அது குடிக்கிறது.

பூக்கும் காலத்தை நகர்த்துவது

மரம் மூன்றாம் ஆண்டைத் தாண்டியதும் நீங்கள் வட்டமிட்ட மாதத்துக்கு அதை இழுக்கலாம். கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். கிளை நுனிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் புதுத் துளிர் வந்து, அதில் மொட்டு வைத்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் பூவாகும். பஞ்ச காலத்துக்கு அவ்வளவு முன்பாக வெட்டுங்கள். மூன்று கொய்யா இருந்தால் ஒரே நாளில் மூன்றையும் வெட்டாமல் இருபது நாள் விட்டு விட்டு வெட்டலாம். எலுமிச்சைக்குச் சில வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை லேசாகச் சோர்ந்ததும் உரமும் நீரும் கொடுத்தால் பூக்கும். மணற்பாங்கான மண்ணில் இரண்டு வாரமே போதும், களிமண்ணில் கூடுதலாகும், இளமரத்தில் இதைச் செய்யக் கூடாது. செடிமுருங்கையை ஓர் அறுவடை முடிந்ததும் இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டால் நான்கு ஐந்து மாதத்தில் மறுபடி பூக்கும். இரண்டு செடி இருந்தால் ஒன்றை இப்போது வெட்டுங்கள், மற்றதை அது துளிர்த்து வளர்ந்த பிறகு.